நாலாவது சக்கரம்

பீமன் என்பது கேலிக்கு வைத்த பெயர். ஆள் துடைப்பக்குச்சிக்குத் தம்பி மாதிரி இருப்பான். ஆனால் படுத்துக் கிடக்கும் லாரி டயரை ஒற்றை ஆளாய் நிமிர்த்தி, தெருவைத் தாண்டி உருட்டிக்கொண்டு போவான். அதைப் பார்த்த ஏதோ ஒரு டிரைவர் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டது, பெற்றவர்கள் வைத்த பெயரை விழுங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் அவன் பீமன். மனைவிக்கு மட்டும் ‘என்னங்க.’

டயர் கடை இருவருக்கும் சேர்ந்தது. கழற்றுவது, மாட்டுவது அவன் வேலை. டியூப் பார்ப்பது, ஒட்டுவது, காற்றடிப்பது அவள் வேலை. எந்தச் சக்கரமும் அவள் கை படாமல் வெளியே போகாது. வால்வில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்து, டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு ‘டிக்’ போடுவாள். அதைப் பார்த்த பிறகுதான் பழைய வாடிக்கையாளர்கள் வண்டியை எடுப்பார்கள். பீமன் மாட்டினான் என்பதைவிட, வீட்டம்மா பார்த்துவிட்டாள் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம்.

இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரிடம் ஐம்பது வருஷத்துப் பழைய கார் ஒன்று இருந்தது. சிவப்பு நிறம், உருண்டை முகம். பொம்மைக்கு அண்ணன், காருக்குத் தம்பி என்று பீமன் அதைச் சொல்வான். சக்கரம் பத்தே அங்குலம். டயர்கள் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டதால், அவர் வெளிநாட்டிலிருந்து நாலு டயரும் நாலு டியூபும் வரவழைத்தார். வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் தெரிந்தது, மாட்ட ஆள் இல்லை என்று. இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். அவ்வளவு சின்ன ரிம்மை அவர்களுடைய மெஷின் பிடிக்காது. பீமனுடைய மெஷினும் பிடிக்காதுதான். ஆனால் அவன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

“மெஷினுக்கு வாய்தான் சார் பெருசு. கைக்கு அடங்காத சக்கரம் கிடையாது. இருபத்தாறு வருஷத்துல ஒரு டியூபக் கிள்ளினதில்ல நான்.”

டயர் மாட்டும்போது லீவரின் நுனி உள்ளே இருக்கும் டியூபைக் கவ்விக் கிழித்துவிடுவதுண்டு. அதைத்தான் கிள்ளுவது என்பார்கள். அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் நிம்மதியாகத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் பழைய கார்க்காரர்கள் எல்லாம் கூடுகிறார்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும், வாயைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் வயிறு ஒட்டிப் போகாது என்று மனைவி சொன்னாள். பீமன் சிரித்தான்.

பெரிய டயர் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் இளகிக் கொடுக்கும். பத்தங்குல டயர் அப்படியில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது போல, சின்ன வட்டம், முரட்டுப் பிடிவாதம். அதன் விளிம்பை ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் முழங்காலால் அழுத்தி உட்காரவைத்துக்கொண்டே, எதிர்ப்பக்கம் லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பள்ளத்திலிருந்து விளிம்பு எழும்பிவிட்டால், எத்தனை பலம் போட்டாலும் ஏறாது. எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்தான். மூன்று சக்கரம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி முடிந்தது. தங்கள் மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று மனைவி கிளம்பிப் போயிருந்தாள். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் கிளாஸும் கையுமாக வந்து சுற்றி நின்றார்கள். கையாலேயே மாட்டுகிறானாம் என்று செய்தி போயிருந்தது. பீமனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. மூன்றாவதை மாட்டும்போதே வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விளக்கம் வேறு சொல்லத் தொடங்கியிருந்தான்.

நாலாவது சண்டித்தனம் பண்ணியது. கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. இது அவ்வளவுதான் போலிருக்கிறதே பீமா என்று ஒருவர் டீயை உறிஞ்சினார். விளிம்பு பள்ளத்திலிருந்து எழும்பிவிட்டது என்று பீமனின் முழங்காலுக்குத் தெரிந்தது. எடுத்துவிட்டுத் திரும்ப உட்கார வைத்தால் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் அவனால் முடியவில்லை. மூன்றாவது லீவரைச் செருகி, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டான். டொப்பென்று ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் முதுகில் தட்டினார்.

ஆனால் ஏறின அந்தக் கணத்தில், லீவரின் நுனியில் மெத்தென்று எதுவோ சிக்கி விடுபட்டதை உள்ளங்கை உணர்ந்துவிட்டது. கை பொய் சொல்லாது.

கூட்டம் கலையும் வரை லீவர்களை அடுக்குவது போல் நேரத்தைக் கடத்தினான். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கி, டயரைக் கழற்றி, டியூபை உருவிப் பார்த்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிழிசல். ஒன்று சின்னது. இன்னொன்று டியூபின் நடுவே ஓடும் தடித்த தையல்கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. அந்த மேட்டில் ஒட்டு சரியாக உட்காராது என்பது அவனுக்கு அரிச்சுவடி. இரண்டே வழிதான் இருந்தது. போன் போட்டு, கெடுத்துவிட்டேன் சார் என்று சொல்வது ஒன்று. மாற்று டியூப் வர இன்னும் இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் கிடையாது. இன்னொரு வழியை அவன் யோசிக்கக்கூட இல்லை, கை தானாக ரப்பரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. ஒட்டினான், அழுத்தினான், பவுடர் போட்டான், மறுபடி மாட்டினான். இந்தத் தடவை ஒழுங்காக ஏறியது. காற்று நின்றது. நிற்கிறது அல்லவா, பிறகென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மனைவி வந்ததும் நாலு சக்கரத்துக்கும் நுரை தடவினாள். அளவு பார்த்தாள். ஒரு குமிழி இல்லை. நாலு டிக். எல்லாம் கச்சிதமாக இருக்கிறதே, வாய் மட்டுமில்லை கையும் இருக்கிறது என்று பாராட்டினாள். அவள் வாயிலிருந்து அப்படி வருவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பீமன் தண்ணீர் குடிக்கப் போனான்.

திங்கட்கிழமை காலை கண்ணாடிக்கடைக்காரர் நடந்தே வந்தார். ஒரு சக்கரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சட்டை முழுக்கக் கரி. பாலத்து இறக்கத்தில் முன்சக்கரம் ஒன்று திடீரென்று உட்கார்ந்துவிட்டதாம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் உரசி, முன்பக்கம் நசுங்கி நின்றிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. முன்னால் போய் மோதிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வைத்து, குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காலையில்தான் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இத்தனையையும் அவர் மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, டயரில் இருந்த சாக்பீஸ் கோட்டில் விரலை வைத்தார்.

“இந்த டிக் யார் போட்டது?”

“நான்தான் சார்” என்றாள் மனைவி.

அதற்கப்புறம் அவர் பேசியது, அந்தக் கடையில் யாரும் அவளைப் பேசியிராத பேச்சு. பார்க்கத் தெரியாவிட்டால் எதற்கு இந்த வேலைக்கு வருகிறாய், அடுப்படியோடு இருக்க வேண்டியதுதானே, நீயும் பிள்ளை பெற்றவள்தானே என்று வரிசையாக வந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ராத்திரி பூராவும் தூங்காத மனிதர். பீமன் நாலடி தள்ளி நின்று ஒரு லீவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்ததையே திரும்பத் துடைத்தான். நான்தான் என்று ஒரு சொல். அதைச் சொல்லாமல் அடுத்த லீவரை எடுத்தான்.

அவள் சக்கரத்தை வாங்கி, டயரை நெம்பி, டியூபை உருவினாள். விரல் ஒட்டின்மேல் வந்து நின்றது. புது டியூபில் ஒட்டு. ஓரம் பிரிந்திருந்ததை நகத்தால் உரித்துப் பார்த்தாள். இருபது வருஷமாக டியூப் ஒட்டுகிறவள். ஆணிக் குத்து எது, கண்ணாடிக் கீறல் எது, லீவர் கடித்தது எது என்று இருட்டில் தடவியே சொல்லிவிடுவாள். தலையைத் தூக்கிப் பீமனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு டியூபைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

“என் தப்புதான் சார். நான் இன்னும் நல்லாப் பாத்திருக்கணும்.”

பீமனுக்குக் கால் கூசியது. தரையில் நிற்கவே அருகதையில்லாதவன் போலிருந்தது.

அவர் போனபின் அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. அன்று சாப்பாடு போட்டாள். மறுநாளும் போட்டாள். லாரிக்காரர் நாலு மணிக்கு வருகிறாராம், சோப்பு தீர்ந்துவிட்டது, மகளுக்கு நோட்டு வேண்டுமாம், இவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். அவளுடைய மரியாதைதான் அவனைச் செருப்பால் அடித்தது. ராத்திரி அவள் திரும்பிப் படுத்தால்கூட அவனுக்கு உடம்பு சுருங்கியது.

புதன்கிழமை மத்தியானம் சட்டையை மாற்றிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனான். அவர் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் கடைக்கு வந்தவனைத் துரத்த மனமில்லாமல், கண் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, நாற்காலியில் உட்காரச் சொன்னார். பீமனும் மறுத்துச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்தான். கனமான ஒரு கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேல் வரியைப் படித்தான். அடுத்த வரியில் வாய் நின்றுவிட்டது.

“சார், டியூபக் கிள்ளினது நான். அது அவளுக்குத் தெரியாது. அவ இல்லாதப்ப ஒட்டி மாட்டிட்டேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் வில்லையைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு மெல்லக் கேட்டார், அவருக்கே அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது போல:

“பார்வை சரியில்லாமதான் அப்படி ஆச்சா? உங்களுக்குப் பார்வை நல்லாவே மங்கியிருக்கு.”

தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்து கிடந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பாதிப் பாரம் கண்ணின்மேல் போய்விடும். பீமன் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்தான்.

“இல்ல சார். கிள்ளினப்பவே தெரியும். தெரிஞ்சுதான் மாட்டினேன்.”

அவர் கத்தவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாலத்தின் சுவர் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். தெரிந்தா இரண்டு நாள் முழுக்கச் சும்மா இருந்தீர்கள் என்றார். கடைசியில் அவர் சொன்னது வேறு:

“அந்தம்மாவ நான் என்னென்ன பேசினேன். அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் இப்ப?”

அதுவும் தன் கணக்கில்தான் சேரும் என்று பீமனுக்குப் புரிந்தது. ஒரு மனிதரைக் கார் விஷயத்தில் ஏமாற்றியது போதாதென்று, பாவமறியாத ஒருத்தியைத் திட்டவும் வைத்திருக்கிறான்.

திரும்பி வந்து, கண்ணாடிக்கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னான். அவள் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சைக்கிள் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தாள். முகம் மலரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவள் டியூபைச் சுற்றிச் சுற்றி அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

“அவர்கிட்ட சொல்லிட்டீங்க. சரி. எங்கிட்ட எப்ப சொல்லுவீங்க?”

“உனக்குத்தான் தெரியுமே.”

“தெரிஞ்சுகிட்டது வேற. நீங்க சொல்றது வேற.”

பீமன் தொட்டியோரம் குந்தி உட்கார்ந்தான். டீக்கடைக்காரர்கள் வந்து நின்றதிலிருந்து சொல்லத் தொடங்கினான். கை தட்டலைச் சொன்னான். உள்ளங்கை உணர்ந்ததைச் சொன்னான். ஷட்டரைப் பாதி இறக்கியதைச் சொன்னான். அவள் பாராட்டினபோது தண்ணீர் குடிக்கப் போனதையும் விடவில்லை. எல்லாம் முடிந்தபின் சொன்னாள்:

“கிழிஞ்சது டியூபு. அது யார் கையிலயும் கிழியும். ஆனா அந்த மனுஷன் என்னைப் பேசுறப்ப, நீங்க அந்த லீவரத் தொடச்சீங்க பாருங்க. அத எங்க ஒட்டுறதுன்னு எனக்குத் தெரியல.”

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை கிடைக்காமல், வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தார். அவளே ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். பீமன் இன்னொரு டியூபுக்குச் சொல்லி, நசுங்கின முன்பக்கத்தையும் தன் செலவில் சரிசெய்து கொடுத்தான். டீக்கடையில் யாராவது அந்தக் கைவேலையைப் புகழ்ந்தால், நாலாவதில் கிள்ளிவிட்டேன் என்று தானே சொன்னான். முதல் தடவை சொல்லும்போது காது மடல் வரை எரிந்தது. பத்தாவது தடவையும் எரியத்தான் செய்தது. புது டியூப் வந்தபோது, மனைவி எதிரில் உட்கார்ந்து பார்க்க, இரண்டு முறை கழற்றி மூன்றாம் முறை மாட்டினான். வீட்டில் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கேலி மட்டும் வெகுநாள் திரும்பவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை, அந்தச் சிவப்புக் கார் கடை வாசலில் வந்து நின்றது. கண்ணாடிக்கடைக்காரரின் மகள் இறங்கினாள். கையில் ஒரு பெண் குழந்தை. பீமன் பின்பக்கம் போய்விட்டான். குழாயைத் திறந்து கை கழுவினான். சோப்புப் போட்டான், நகக்கண்ணைத் தேய்த்தான், மறுபடி சோப்புப் போட்டான். முன்னால் மனைவி குழந்தையை வாங்கிக் கொஞ்சுவது கேட்டது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதனால் கை கழுவ முடியும்? அவள் கூப்பிட்டாள். வர வேண்டியதாயிற்று.

நடந்ததெல்லாம் அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அப்பா சொல்லியிருந்தார். அவள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சிரித்தாள் என்றும் சொல்ல முடியாது. நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். பீமன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கையெல்லாம் கிரீஸ் அம்மா, வேண்டாம் என்று முணுமுணுத்தான்.

“இப்பதானே அரை மணி நேரம் கழுவினீங்க” என்றாள் மனைவி.

அவன் கையை முன்னால் கொண்டுவந்தான். ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி தன் முந்தானையை அவன் பக்கம் நீட்டினாள்.