இரண்டாவது நடை

என் அக்காள் கணவர் கார்த்திகேசு வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார். பேராக்கில் சுங்காய்க்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டுகிறவர். ஏதோ ஆகாய விமானம் ஓட்டுகிறவர் போலத்தான் பேச்சு. எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது; செல்லாயி அக்காவுக்காகப் பொறுத்துப் போவேன். ஆனால் அவரைத் திருடன் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. மனிதருக்கு வாய்தான் நீளம், கை நீளமில்லை.

1985இல் நான் ஈப்போவில் ஒரு ரப்பர் கம்பெனியின் தலைமை ஆபீசில் இருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவு என்று பெயர். ஆட்கள் நானும் ஷரபுதீனும் மட்டும்தான். அவன் அப்பா பழைய மார்க்கெட் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மகன் கடையில் உட்காராமல் கம்ப்யூட்டர் படிக்கப் போனதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஒரு மிஷின் இருந்தது. லோரியில் எவ்வளவு பால் ஏற்றினோம் என்று அது தகவல் அனுப்பும். பீடோரில் இருந்த ஃபேக்டரியில் வேறொரு மிஷின். எவ்வளவு பால் வந்து இறங்கியது என்று அது அனுப்பும். இரண்டும் வேறு வேறு நாட்டில் செய்தவை. ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது. இரண்டு பேச்சையும் டெலிபோன் லைன் வழியாக வாங்கி, ஒரே பாஷைக்கு மாற்றி, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு ஈப்போவில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தோம். அதற்குத் ‘தரகர்’ என்று நாங்களே பெயர் வைத்தோம். கல்யாணத் தரகருக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், இது பொய் சொல்லாது என்று ஷரபுதீன் பெருமையடிப்பான்.

அந்தத் திங்கட்கிழமை கணக்குப் பிரிவு மேனேஜர் லியோங் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் தாளில் அச்சாகி வந்துவிட்டால் அது அவருக்கு வேதவாக்கு.

“உங்கள் தோட்டத்தில் திருவிழா எப்போது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வருகிற ஞாயிற்றுக்கிழமை தீமிதி,” என்றேன், உள்விஷயம் தெரியாமல்.

தலையை ஆட்டிக்கொண்டே ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். போன வாரம் இரண்டு நாள், தோட்டம் அனுப்பிய பாலில் ஒரு முழு டாங்கி ஃபேக்டரிக்கு வந்து சேரவில்லை. போன வருஷமும் திருவிழாவுக்கு முந்தின வாரம் இதே கதை. இரண்டு தடவையும் ஒரே லோரி, என் அத்தான் ஓட்டுவது. மற்ற மாதங்களில் ஒரு சொட்டுக் குறைவில்லை.

“திருவிழாச் செலவுக்கு வழியில் விற்றுவிடுகிறார்கள்,” என்றார் லியோங். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆராய்ந்து கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி பெயரைச் சொல்லித் திருடுகிற கூட்டம் என்று எங்களை அவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டார்!

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் தோட்டமே கூடி நிற்கும்போது, கணக்கெழுதும் கிராணி, அத்தானின் பெயரைச் சொல்லி, பால் திருட்டு விஷயமாக வேலையை நிறுத்தி வைத்திருப்பதாக உரக்கப் படித்தாராம். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போய்விடும். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான்.

அக்கா சுங்காய் கடைத்தெருவிலிருந்து எனக்கு போன் பண்ணினாள். “அவரு காப்பு கட்டிருக்காருடி. தீமிதிக்கு வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா தண்ணி பிடிக்கப் போனா பேச்ச நிறுத்திடுறாளுங்க.”

“அத்தான் பக்கத்துல இருந்தா குடு.”

அவர் போனை வாங்கினார். வழக்கமான சவடால் ஒன்றும் இல்லை. எனக்கு அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

“போன வாரம் எப்படி ஓட்டுனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“எப்பவும் போலதான் லா. திருவிழா வந்தா நாலு நாளு மரத்துல பால் வெட்டு இல்ல. அதனால பத்து நாளு முந்தியே ஓய்வு விட்ட மரத்தையும் சேத்து வெட்டிருவாங்க. பாலு ரெட்டிப்பா வரும். நானும் ரெண்டு நடை போவேன்.”

“ரெண்டாவது நடை எவ்வளவு?”

“ஃபுல்லுதான். அரை டாங்கியோட நான் எடுக்க மாட்டேன். வளைவுல பாலு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிச்சு லோரிய இழுக்கும். ஒரு தடவ கவுக்கப் பாத்தேன். ரெண்டாவது டிவிஷன் பாலு வர்ற வரைக்கும் நின்னு, ரொப்பிக்கிட்டுத்தான் போவேன். மிச்சத்த உறையாம இருக்க அமோனியா ஊத்தி மறுநாளைக்கு வச்சிருவாங்க.”

ஒரே லோரி, ஒரே நாள், ஒரே அளவு. போனை வைத்தேன். மனசுக்குள் ஏதோ ஒன்று இடறியது.

சாப்பாட்டு வேளையில் ஷரபுதீனின் அப்பா கடையில் அவனிடம் கேட்டேன். “பீடோர் லைன் அடிக்கடி கட்டாகுதே, அப்ப ஃபேக்டரி கிளார்க் என்ன செய்வாரு?”

“திரும்ப அனுப்புவாரு. போச்சா இல்லையான்னு தெரியாட்டி மூணு தடவகூட அனுப்புவாரு. அதுக்குத்தான் ஃபேக்டரித் தகவலுக்கு மட்டும் நான் தரகர்ல ஒண்ணு எழுதி வச்சிருக்கேனே. லோரி நம்பர், தேதி, அளவு மூணும் ஒண்ணா இருந்தா முதல்ல வந்தத மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததத் தள்ளிவிடும்.”

“உண்மையாவே ரெண்டு நடை வந்திருந்தா?”

“ரெண்டு நடைன்னாலும் அளவு வேறயா இருக்கும்ல, யாரு அச்சடிச்ச மாதிரி ஒரே அளவு...” என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. “அலாமாக்,” என்றான், ஐயையோ என்கிற மாதிரி.

அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த மாதம்தான் முடிவு. அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் அவன் கை கழுவியதும் நேராக லியோங்கின் அறைக்குத்தான் போனான். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

“சார், பால் தொலையவில்லை. என் புரோகிராம் அதைத் தூக்கி எறிந்திருக்கிறது,” என்றான்.

லியோங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “டிரைவர் இவருக்கு உறவு. நீ இவருக்கு நண்பன். நாளைக்கு இதே விஷயத்தை மேலிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஃபேக்டரியில் பாலெல்லாம் ஒரே தொட்டியில் கலந்துவிடும். எந்த லோரிப் பால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. போன வாரம் எத்தனை நடை வந்தது என்று கேட்டால், அங்கே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது.

“யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், சார். இந்த வாரம் முழுக்க ரெட்டை வெட்டுதான். நீங்களே லோரியில் ஏறி உட்காருங்கள். இரண்டு நடையும் போங்கள். நாங்கள் அதுவரை புரோகிராமைத் தொட மாட்டோம்.”

கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் புதன்கிழமை போனார். அத்தானுக்குப் பதிலாக பத்துமலை என்கிறவர் லோரி ஓட்டினார். வெள்ளைச் சட்டையும் டையுமாக லியோங் பக்கத்தில் உட்கார்ந்து போவதைப் பார்க்கப் பால் ஸ்டோரில் பெரிய கூட்டமாம். பத்துமலையும் அரை டாங்கியோடு எடுக்க மறுத்துவிட்டார். அந்தப் பாதையில் ஓட்டுகிற யாருமே எடுக்க மாட்டார்களாம். ஃபேக்டரியில் இரண்டு தடவையும் டாங்கியைத் திறந்து அளக்கும்போது லியோங் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். கிளார்க் இரண்டு தடவையும் பட்டனைத் தட்டி அனுப்புவதையும் பார்த்தார்.

சாயங்காலம் ஆபீசுக்கு வந்தபோது அவர் உடம்பெல்லாம் பால் வாடை. என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். தோட்டத்திலிருந்து இரண்டு நடை என்று இருந்தது. ஃபேக்டரிக்கு வந்தது ஒன்று.

“இதன்படி பார்த்தால்,” என்றார் மெதுவாக, “மத்தியானத்துக்குப் பிறகு நானும் ஒரு டாங்கிப் பாலும் சேர்ந்து காணாமல் போய்விட்டோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. ஷரபுதீன் எழுதியதை அப்படியே எடுத்துவிட்டால், லைன் கட்டாகும்போதெல்லாம் ஒரே பால் மூன்று தடவை ஏறும். திருடன் என்பதற்குப் பதிலாக மந்திரவாதி என்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நம்பர் வேண்டும். திரும்ப அனுப்பினால் அதே நம்பர், புது நடை என்றால் புது நம்பர். ஆனால் ஃபேக்டரி மிஷின் அனுப்பும் தகவலில் ஓர் எழுத்துக்கூடப் புதிதாகச் சேர்க்க இடமில்லை. கடைசியில் நான்தான் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். அன்று மழையா வெயிலா என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது. மிஷின் வந்த நாளிலிருந்து அதை ஒருவரும் நிரப்பியதில்லை. பேராக்கில் மழையைப் பற்றிக் கம்ப்யூட்டருக்கு யார் மெனக்கெட்டுச் சொல்வார்கள்?

பீடோர் கிளார்க்கிடம் அதில் நடை நம்பரைத் தட்டச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் புரோகிராமை மாற்றிப் போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்தில் கம்பெனியின் இன்னொரு ஃபேக்டரியான சித்தியவானுக்கு வந்த பால் மொத்தமும் திரையிலிருந்து மறைந்துவிட்டது. அங்கே விஷயம் தெரியாததால் கட்டத்தைக் காலியாகவே அனுப்பியிருந்தார்கள். தரகர் காலி என்றால் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருந்தது. காலியாக வந்தால் முதல் நடை என்று எடுத்துக்கொள்ளச் சொன்னோம். பால் திரும்பி வந்தது. ஷரபுதீன் மேசைமேல் தலையைச் சாய்த்து, “இனிமே பெருமையடிக்க மாட்டேன் லா,” என்றான்.

லியோங் விசாரணையை ரத்து செய்து ஒரு கடிதம் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் விடவில்லை.

“திருட்டு என்று சொன்னது பெரட்டில், சார். அது இல்லை என்பதையும் பெரட்டில்தான் சொல்ல வேண்டும். கடிதம் வந்ததா என்று தண்ணீர்க் குழாயடியில் யாரும் கேட்க மாட்டார்கள்.”

என்னை முறைத்தார். பிறகு, “அங்கே எத்தனை மணிக்குக் கூடுவார்கள்?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவருடைய காரிலேயே மூவரும் போனோம். லியோங் பெரட்டுக் களத்தில் நின்று, கார்த்திகேசு ஒரு சொட்டுப் பாலும் எடுக்கவில்லை, கம்பெனியின் கம்ப்யூட்டர்தான் தப்புச் செய்தது என்று சொன்னார். கிராணி அதை உரக்கத் தமிழில் சொன்னார். செவ்வாய்க்கிழமை படித்த அதே குரல். ஷரபுதீன் யாரும் கேட்காமலே முன்னால் போய், “அண்ணே, அத எழுதுனது நான்தான்,” என்றான்.

அத்தான் அவனையே பார்த்தார். நாலு வார்த்தை நன்றாகக் கொடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ மஞ்சள் துணி கட்டிய மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கூட்டத்துக்குள் நின்று வாய்விட்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அவரைப் பிடிக்காது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த நான், அன்றைக்கு அவருக்காகக் கூசாமல் அழுதேன்.

பிறகு அவர் லோரியில் ஏறினார். நாங்கள் ஈப்போவுக்குத் திரும்பினோம்.

மத்தியானம் முதல் நடை திரையில் வந்தது. அது வரும், பயமில்லை. இரண்டாவது நடைக்காகத்தான் நானும் ஷரபுதீனும் டீகூடக் குடிக்கப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். லியோங் எதையோ தேடுகிற மாதிரி இரண்டு தடவை எங்கள் அறைக்கு வந்துபோனார். நாலு மணி சுமாருக்கு இன்னொரு வரி விழுந்தது. அதே லோரி, அதே தேதி, அதே அளவு. லைன் கட்டாகியிருக்க வேண்டும், அதே தகவல் மறுபடியும் வந்தது. தரகர் அதை மட்டும் சரியாகத் தள்ளிவிட்டது.

போன் அடித்தது. ஃபேக்டரியிலிருந்து அத்தான்.

“நவமணி, ரெண்டாவது நடைய எறக்கிட்டேன். உன் மிஷின்ல நான் இருக்கனா?”

“இருக்கீங்க அத்தான். ரெண்டு தடவையும் இருக்கீங்க.”

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பீடோர் வளைவில் அன்றைக்கு லோரியை எப்படித் திருப்பினார் என்று ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் கேட்டேன்.