ஆறு மாதம் எந்த மூலைக்கு

உலக நாடுகள் கூடும் அந்தச் சபையில் மௌனம் என்றொரு முறை உண்டு. தீர்மான நகலை எல்லா நாடுகளுக்கும் அனுப்பிவிட்டு, இத்தனை மணி வரை என்று கெடு வைப்பார்கள். அதற்குள் யாரும் மறுப்போ திருத்தமோ எழுதாவிட்டால் நிறைவேறிவிட்டது என்று பொருள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். கமாவால் அதுதான் முடியவில்லை.

கமா என்பது தூதரக அலுவலகத்தில் வைத்த பெயர். எந்தக் காகிதம் வந்தாலும் ஒரு கமாவாவது போடாமல் அனுப்பமாட்டார் மனிதர்.

அன்றைய நகல் பாலத்துக் கண்காணிப்பாளர்களைப் பற்றியது. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு படைகள். நடுவில் வெள்ளை ஜீப்புகளோடு ஆயுதமில்லாத இருபது பேர். அவர்கள் நிற்கும் வரை யாரும் சுடுவதில்லை. கமாவின் அக்கா வீடு இந்தக் கரை, அவள் பாடம் நடத்தும் பள்ளி அந்தக் கரை. கண்காணிப்பாளர்களுக்கு இன்னும் ஆறு மாதம் என்றது நகல். கெடு மாலை ஐந்து மணி.

"ஆறு மாசம் எந்த மூலைக்குடா? ஒரு வருஷமாவது இருக்கச் சொல்லேன்" என்று அக்கா முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தாள்.

நாலே முக்காலுக்கு, பன்னிரண்டு மாதம் வேண்டும் என்று தட்டத் தொடங்கினார். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"சார், இது முதல்ல நிறைவேறட்டுமே. அடுத்த தடவை கேட்டுக்கலாம்."

"நல்லதுதானேம்மா கேக்கிறேன். யாரு வேண்டாங்கப் போறா?" என்று அனுப்பிவிட்டார்.

மௌனம் கலைந்தது. முதலில் மறுத்த பழி நமக்கு வேண்டாம் என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நாடு, இதுதான் சாக்கென்று நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதியது. கமா பதறியடித்துத் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். அந்த நாடு பெறவில்லை. வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர்களின் பழைய தவணை முடிந்து ஜீப்புகள் கிளம்பின. கால் மணி நேரம் சும்மா இருந்திருக்கலாம், பாவி. அதையே நினைத்து நினைத்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, பாலத்துல மண்மூட்டை அடுக்குறாங்கடா. ஸ்கூலுக்கு எப்படிப் போறதுன்னே தெரியல." கொஞ்சம் தயங்கினாள். "நான் ஒரு வருஷம்னு சொன்னேனே, அதை எங்கேயும் சொல்லிடலையே?"

"இல்லக்கா."

"நல்லவேளை. நான் பாட்டுக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஆறு மாசமே போதும்டா. மூணு மாசம் கொடுத்தாக்கூடப் போதும். கேட்டுப் பாக்கிறியா?"