நானூற்று முப்பத்து மூன்று பேர்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் சிஸ்டம் அக்கா. பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லையா, பாஸ்வேர்டு மறந்துபோச்சா, கூப்பிடு அக்காவை! அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு நாலு மணிக்குள் நீச்சல் குளத்துக்குப் போயாக வேண்டும். மகள் வாலுவுக்குப் போட்டி. போன ரெண்டு போட்டிக்கும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக் கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவை வாலு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ வரலன்னா நான் தண்ணில குதிக்கவே மாட்டேன்மா."

சொன்னால் செய்கிற பிள்ளை.

மேலாளரோ காலையிலேயே ஒரு பட்டியலை அவள் தலையில் கட்டினார். புதுக் கட்டடத்துக்கு வருகிற நானூற்று முப்பது ஊழியர்களுக்கும் இன்றே லாகின் வேண்டுமாம். ஒரே விரலால் டைப் அடிக்கிற மனுஷர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஒத்தைவிரல் என்பார்கள். ஒவ்வொரு கணக்கையும் கையால் திறந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. அப்படித் திறந்துகொண்டிருந்தால் அக்கா அடுத்த வாரம்தான் குளத்தைப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் செய்துவிடும்படி அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தாள். பட்டியலை வரிவரியாகப் படிக்கும், ஆளுக்கொரு கணக்குத் திறக்கும், அவரவர் பிரிவில் சேர்க்கும், வரவேற்பு மெயிலும் அனுப்பிவிடும். சும்மா சொல்லக் கூடாது, கைகாரிதான். சோதித்துப் பார்க்கப் பட்டியலின் கடைசியில் வீட்டு ஆட்களையே மூன்று வரிகளாகச் சேர்த்தாள். வீட்டுக்காரர் வார்டு பாய், மாமியார் வாசல் காவலர், வாலு தலைமை அறுவை மருத்துவர். வயசை மட்டும் உள்ளபடியே போட்டாள். எல்லாம் சரியாக வந்தது. உச்சி குளிர்ந்துபோய், அந்த மூன்று வரிகளை அழிக்க மறந்து, முழுப் பட்டியலையும் ஓட்டிவிட்டாள். ஏழு நிமிஷத்தில் முடிந்தது.

மூன்றேகாலுக்குப் பையைத் தோளில் மாட்டியபோது மேலாளர் கூப்பிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு நானூத்தி முப்பத்திமூணு இருக்கே. அது போகட்டும், நம்ம தலைமை அறுவை மருத்துவருக்கு எட்டு வயசா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, இனி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார் என்று உட்கார வைத்துவிடுவார், பிள்ளை கரையிலேயே நிற்கும். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், நாலு மணிப் போட்டி உட்பட.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை விரலைச் சொடக்கினார். நாளெல்லாம் தனக்கு வேலையில்லாமல் போச்சே என்று இருந்த முகத்தில் இப்போதுதான் களை வந்தது.

"மூணுதானே? நீ கிளம்பும்மா. இது நம்ம கைவேலை."

குளத்தில் மற்ற பிள்ளைகள் குனிந்து தயாராக நிற்க, வாலு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விசில்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். தலைமை மருத்துவர் என்று தன் பேருக்கு அப்பாவின் போனில் வந்த வரவேற்பு மெயிலை அதற்குள் பார்த்துவிட்டிருக்கிறாள். மூச்சு வாங்க ஓடி வந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரிய டாக்டரையே காக்க வைக்கிறியாம்மா?" என்றாள். கட்டிய கையை அவிழ்த்துக் குதித்தாள்.

கடைசிக்கு முந்தின ஆளாகத்தான் வந்தாள். அதற்கே அக்கா தொண்டை கட்டும்வரை கத்தினாள், அழுதாள்கூட. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் போனில் மேலாளரின் செய்தி.

"ரெண்டு பேரை நீக்கியாச்சு. டாக்டரம்மா கரையேறினதும் சொல்லு. அதுவரைக்கும் பதவியில இருக்கட்டும்."