ஏறும் பெஞ்சும் இறங்கும் பெஞ்சும்

"எல்லாரும் எழும்புங்க. ஒண்ணாம் நம்பர்லேருந்து லைனா நில்லுங்க" என்று முகாம் தொண்டன் ஈசாக் மறுபடியும் சொன்னபோது, பெஞ்சைப் பிடித்து எழுந்த ஒரு பெரியவர் தள்ளாடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். குன்னத்துகால் கோயில் மண்டபத்தில் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். டாக்டர் மதிய ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

"எலே ஈசாக்கே, எழும்பி எழும்பி இரிக்கதுலயே எங்க நோவு தீந்துரும் போல" என்றாள் பங்கஜாட்சி. சிலர் சிரித்தார்கள். துணைக்கு வந்திருந்த சுமியின் அப்பா கிளீட்டஸ் சிரிக்கவில்லை. நாக்கோரத்துப் புண் மாதக்கணக்கில் ஆறாமல், அவர் கடலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். "இன்னைக்கு ஒரு நாளாக்கும். பின்ன ஆஸ்பத்திரின்னு என்னை விளிக்கப்பிடாது" என்று சொல்லித்தான் வேனில் ஏறினார்.

போனில் பதிந்த வரிசைப்படி டோக்கன் கொடுத்ததால் எண்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. வந்த ஒவ்வொரு வேனின் ஆட்களையும் ஈசாக் எண்படி நிறுத்தித்தான் உள்ளே அனுப்பியிருந்தான். ஒரு வேன் இடவாசல் வழியாக, அடுத்தது வலவாசல் வழியாக, வேனுக்கு ஒரு பெஞ்ச். அதனால் இடமிருந்து பார்த்தால் ஒரு பெஞ்சில் எண்கள் நான்கு, ஒன்பது, பதினேழு என்று ஏறின. அடுத்ததில் இருபது, பதினொன்று, இரண்டு என்று இறங்கின.

போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி நேர்முகத்தில் சுமியிடம் இதையேதான் கேட்டார்கள். மாறிமாறி ஏறி இறங்கும் எண்களை விரைவாக வரிசைப்படுத்துவது எப்படி? பயத்தில், எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து அடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது, ஏற்கெனவே ஒழுங்காக இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்? இறங்குவதை மறுமுனையிலிருந்து பார்த்தால் அதுவும் ஏறுவதுதானே.

"அண்ணா, யாரையும் எழுப்பண்டாம்" என்றாள். "ஒவ்வொரு பெஞ்சுலயும் ஒரு ஓரத்துல இரிக்கவருதான் அதுல சின்ன நம்பர். அந்த ஓரத்து ஆளுகள மட்டும் பாத்தா போரும். அதுல ஆகச் சின்னது உள்ள போட்டும். பின்ன பக்கத்து ஆளு ஓரம் ஆவாரு."

ஈசாக் தலையைச் சொறிந்தான். "அப்பம் நீயே விளி."

அவள் கூப்பிட்டாள். யாரும் எழுந்து நிற்க வேண்டிவரவில்லை. பெஞ்சுகள் ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகக் குறைந்தன. ஆனால் நேரமும் குறைந்தது. கடைசி எண் அப்பாவுடையது. இப்போது அதைச் சொன்னால் யாரும் சரிபார்க்கப்போவதில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, கண்ணை மூடித் திறந்து, வரவேண்டிய எண்ணையே சொன்னாள்.

பங்கஜாட்சியும் அப்பாவும் மிஞ்சியபோது நர்ஸ் லிஜா வெளியே வந்தாள். "இனி ஒரு ஆளுக்குத்தான் நேரம் உண்டு."

"நாப்பத்தி ஒண்ணு" என்றாள் சுமி.

பங்கஜாட்சி எழுந்தாள். வெற்றிலை போட்டுப் போட்டு அவள் கன்னத்தின் உட்புறம் வெளுத்திருந்ததை எல்லாருக்கும் காட்டியிருந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து கிளீட்டசின் முழங்கையைப் பிடித்தாள்.

"கிளீட்டசே, நீரு போவும். எனக்க வெத்தல இன்னும் கொஞ்ச நாளு எனக்க கூட இரிக்கட்டு."

"வேண்டாம் மாமி" என்றாள் சுமி.

"நீ ஒழுங்காத்தான் விளிச்ச மக்கா. மாறுதது நானாக்கும்."

டாக்டர் டார்ச்சை அடித்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, நெடுநேரம் பார்த்தார். கழுத்தின் இருபுறமும் தொட்டுப் பார்த்தார். மறுபடி வாய்க்குள் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் சுமியைப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கான சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். வாசலுக்கு வெளியே பங்கஜாட்சி அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அப்பா இன்னும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.