முரியல் உருக்கிய மைதானம்

கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டுக்கும் முரியல் தாக்ரேக்கும் நிச்சயமாகி ஆறு வருடம். ஆறு வருடமும் கிளிஃபர்ட் சொன்னது ஒரே பதில்தான்: "சீசன் முடியட்டும்." முதல் வருடம் மூக்கு உடைந்திருந்தது, கல்யாணப் போட்டோவில் நன்றாக இருக்காது என்றான். அடுத்த வருடம் மணிக்கட்டு. மூன்றாம் வருடம் அவன் ஆடும் ஹேசல்ஷா ஊர் அணி கடைசி இடத்துக்குப் போய்விட்டது. ஊரே துக்கத்தில் இருக்கும்போது நாம் கேக் வெட்டினால் நன்றாகவா இருக்கும்? வாரம் முழுக்க எரிவாயு ஆலையில் கரி தள்ளிவிட்டு, சனிக்கிழமை ரக்பி லீக் அணியின் முன்வரிசையில் ஆள் தள்ளுகிற அந்த மலை போன்ற மனிதனுக்கு, சர்ச் வாசற்படி என்றால் மட்டும் கால் பின்னிக்கொள்ளும்.

முரியல், அந்த அணியின் மைதானத்துக்கு எதிரே, மீனும் சிப்ஸும் வறுத்து விற்கும் கடையில் வேலை பார்த்தாள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவளுக்குப் பொறுமை அதிகம் என்று யார் சொன்னது? 1962 அக்டோபரிலேயே பாதிரியாரைப் பார்த்து, அடுத்த வருடம் மே 25, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி என்று எழுதி வாங்கிவிட்டாள். சீசன் மே முதல் வாரத்தோடு முடிந்துவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வாரம் கூடுதலாகவே விட்டிருந்தாள். கெட்டிக்காரிதான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பனி கொட்ட ஆரம்பித்தது. கொட்டிய பனி இடத்தை விட்டு நகரவே இல்லை. வட இங்கிலாந்து முழுக்க மைதானங்கள் கல்லாக இறுகின. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆட்டங்கள் தள்ளிப்போயின. சீசனை மே கடைசி வரை நீட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதைக் கேட்ட அன்று முரியல் வந்தவர்களுக்கெல்லாம் சிப்ஸில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

மறுநாள் விடியற்காலை மண்வெட்டியோடு மைதானத்தில் நின்றாள். பஞ்சாலைக்குப் போகும் பெண்களை வழிமறித்து ஆளுக்கு அரை மணி நேரம் பனி வார வைத்தாள். ஓட்டை போட்ட இரும்பு டிரம்களில் நெருப்பு மூட்டி வரிசையாக வைத்தாள். அதற்கான கரியைக் கிளிஃபர்டைக் கொண்டே இழுத்துவரச் செய்தாள். இறுக்கம் விட்ட இடம் மறுபடி உறையாமலிருக்க வைக்கோலைப் பரப்பினாள். ஆறு வாரம், ஒரு நாள் விடாமல்.

"ஆட்டத்து மேல இவ்வளவு உசுரா!" என்று கிளப் செயலாளர் வில்ஃப் சக்டன் கண் கலங்கினார். ஆட்டமாவது மண்ணாங்கட்டியாவது. ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டால்கூட அன்றைக்கு அவளுக்குச் சொல்லத் தெரியாது. சீக்கிரம் ஆடி முடித்துத் தொலைத்தால் போதும்.

ஆடினார்கள். ஆடியதோடு நிற்காமல் ஜெயித்தும் வைத்தார்கள், அதுதான் வினை. மற்ற ஊர் அணிகள் இரண்டு மாதமாகப் பந்தையே தொடாமல் வந்து நின்றன. உடம்பு சூட்டோடு இருந்த ஹேசல்ஷா ஒவ்வொன்றாகச் சாய்த்தது. ஒழுங்காகக் கடைசி இடத்தில் கிடந்த அணி, மே நடுவில் கோப்பை இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது.

சக்டன் கடைக்குள் மூச்சு வாங்க ஓடிவந்தார். "முரியல் கண்ணு! ஃபைனல்! எல்லாம் உன் கைதாம்மா!"

"என்னிக்கு?"

"இருபத்தஞ்சு, சனிக்கிழமை. மூணு மணிக்கு. நாப்பது மைல்தான், பஸ்ஸு..." அத்தோடு அவர் வாய் அடைத்துப்போனது. கல்யாணப் பத்திரிகை அவர் வீட்டுக் கணப்பு மேல்தான் இருந்தது.

வரிசையில் நின்ற எட்னா சைக்ஸுக்கு அப்படி வாய் அடைக்கிற வழக்கம் கிடையாது. "ஏண்டி, அத்தாம் பெரிய மைதானத்தையே உருக்குனியே, அந்த ஒரு ஆளை உருக்க முடியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். முரியலும் சிரித்துவைத்தாள். ஆனால் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாள். இந்தத் தடவையும் அவன் ஒரு சாக்குச் சொன்னால் மோதிரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவது. இன்னொரு வருடம் காத்திருக்க அவளிடம் தெம்பு இல்லை.

இரண்டு நாள் கிளிஃபர்ட் தலையே காட்டவில்லை. மூன்றாம் நாள் மதியம் வந்தான். வந்தவன் வரிசையில் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றான். முன்னால் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று தலையாட்டினான்.

"ஒரு மீன், சிப்ஸ்," என்றான் பழக்கத்தில். பிறகு தொண்டையைச் செருமினான். "பூட்ஸை சக்டன்கிட்ட குடுத்துட்டேன். சனிக்கிழமை ஆடலை. ரெண்டு மணிக்கு சர்ச்சுல இருப்பேன்."

"சக்டன் என்ன சொன்னாரு?"

"அழுதாரு."

"உன்னை யாரு குடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பனியில டிரம் பக்கத்துல குந்தியிருந்தியே, கையெல்லாம் வெடிச்சு ரத்தமா... ஊரே ஆட்டத்துக்காகன்னு நெனச்சுது. நான் அவ்வளவு மடையன் இல்ல முரியல். அன்னிக்கே எனக்கு வெக்கமாப் போச்சு. சொல்லத்தான் வாய் வரல."

முரியல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் மீன் கருகியது.

"அந்தப் பக்கம் முன்வரிசையில மூணும் எருமை மாதிரி இருக்கானுங்களாமே," என்றாள் கடைசியில். "நீ இல்லாட்டி நம்ம ஆளுங்க கதி?"

கிளிஃபர்ட் திருதிருவென்று விழித்தான்.

"போய் பூட்ஸை வாங்கிக்கோ. கல்யாணம் காலையில ஒம்பது மணிக்கு. பாதிரியார்கிட்ட நான் பேசிக்கிறேன், அவருக்கும் ஆட்டம் பாக்கணும், வேண்டாம்னா சொல்லப்போறாரு? பத்தரைக்கு பஸ். நானும் வரேன், கல்யாண கவுனோட. ஆறு வாரம் பனி வாரியிருக்கேன், தோத்துட்டு மட்டும் வந்து பாரு."

அவன் மீனை மறந்துவிட்டு, கதவில் தோளை இடித்துக்கொண்டு ஓடினான்.

முரியல் பின்கட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஏப்ரனை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். ஆட்டமா நீயா என்று வந்தபோது நீதான் என்று அவன் சொல்லிவிட்டான், அதுவும் அவள் கேட்காமலே. இந்த ஆறு வருடத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எட்னா சைக்ஸ் மேசையைச் சுற்றி உள்ளே வந்து, கருகின மீனை எடுத்துப் போட்டுவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை சட்டியைப் பார்த்துக்கொண்டாள்.