கைப்பக்குவம்

"திறந்துட்டீங்களா டீச்சர்?" என்றுதான் மருமகள் முதலில் கேட்டாள். சாவு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"அத்தை குடுத்தாங்களே, எண்ணெயில ஊறப்போட்ட பூண்டு. அந்த பாட்டிலைத் திருப்பிக் குடுங்க."

மாமியாரை இன்னும் எடுக்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதற்குள் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று புருஷன் கேட்டான். "அம்மாவை அனுப்பிட்டு அப்புறம் போயேன்." அப்புறம் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். அதற்குள் யார் தட்டில் என்ன விழுமோ? அவள் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சுகாதார ஆய்வாளர் வந்திருந்தாள். சின்ன வயதுப் பெண். திறந்திருந்த பாட்டிலைக் கையுறை போட்டு எடுத்துப் பத்திரப்படுத்தினாள். எண்ணெய்க்குள் காற்றுப் போகாது, அங்கே ஒரு கிருமி வளர்ந்து விஷம் கக்கும், மணமும் மாறாது ருசியும் மாறாது என்றாள். "யாரையும் குத்தம் சொல்ல வரலக்கா. இன்னொருத்தர் படுக்கக் கூடாது, அவ்வளவுதான். கொட்டாதீங்க, கழுவாதீங்க. அப்படியே கொண்டாங்க."

நாலு நாளைக்கு முன்னால்தான் மாமியார், "எல்லாரும் ரெண்டு ரெண்டா தெரியறீங்க, எந்தத் தட்டுல சோறு போடறது?" என்று சிரித்தாள். இமை தொங்கியபோது தூக்கம் வருகிறது என்று வீடே கிண்டல் செய்தது. மறுநாள் நாக்கு குழறியது. அப்புறம் மூச்சு.

வாரிக் கொடுக்கிற கை அது. பன்னிரண்டு பாட்டில் போட்டால் அதில் பத்து தெருக்காரர்களுக்குப் போய்விடும். மூன்று வாரம் ஊறின பிறகு திறங்கள் என்று சொல்லிக் கொடுப்பாள். தான் மட்டும் முந்திக்கொண்டு ருசி பார்ப்பாள். நாளைக்கு எவளும் குறை சொல்லக் கூடாது பாருங்கள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும், "அந்தக் கைப்பக்குவம் இனி யாருக்கு வரும்?" என்று அழுதார்கள். அந்தக் கையைத்தான் இவள் வாசல் வாசலாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் திறக்க மாட்டேன்மா," என்றார் டீச்சர். "அவங்க ஞாபகமா அலமாரியில இருக்கட்டுமே."

"ஞாபகத்துக்கு வேற ஏதாவது வச்சுக்கங்க டீச்சர்." குரல் கடுமையாகத்தான் வந்தது. டீச்சர் உள்ளே போய் எடுத்துவந்தார்.

தெருவுக்குப் போன பத்தும் வந்தாயிற்று. வீட்டில் இருக்கிற ஒன்று எங்கே போய்விடும் என்று அவள் அதைக் கடைசியாக விட்டிருந்தாள். வந்து பார்த்தால் சமையலறை அலமாரியில் அது இல்லை. புருஷனைக் கேட்டாள்; அவனுக்குத் தெரியவில்லை.

பின்னறைக் கட்டிலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் பாட்டில். மூடி திறந்திருந்தது. கையில் ஸ்பூன்.

"மாமா, அதைத் தொடாதீங்க."

"தெரியும்மா. வெளியில பேசிக்கறாங்க. அவ சமையலே அவளைக் கொன்னுடுச்சாம். நாப்பது வருஷமா அவ கையால தின்னிருக்கேன். ஒரு வயித்து வலி வந்ததில்ல. சாப்பிட்டுக் காட்டறேன். அப்புறம் எவன் பேசறான்னு பார்ப்போம்."

பிடுங்கியிருக்கலாம். எழுபது வயது மனிதரிடம் அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் அவளுக்கு மனம் வரவில்லை. பூண்டு உரித்த அன்று, "இதை ஃபிரிட்ஜுல வைக்கணுமாம் அத்தை, வெளியில வச்சா ஆகாதாம்," என்று இவள் சொன்னாள். "நீ படிச்சதையெல்லாம் நான் சமைச்சே முடிச்சுட்டேன் போ," என்று மாமியார் சிரித்தாள். எதற்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்று இவளும் விட்டுவிட்டாள். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு ஸ்பூன் போடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"அத்தை கை மட்டுமா மாமா? உரிச்சது நான். பாட்டிலை மூடினது நான். வெளியில வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வாட்டி சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. ரெண்டாவது வாட்டி சொல்லல. அவங்க சாப்பிட்டாங்க. நீங்க சாப்பிடப் போறீங்க. நான் மட்டும் எதுக்கு மிச்சம்? போடுங்க."

"பைத்தியமாடி உனக்கு?" பாட்டிலைச் சட்டென்று அந்தப் பக்கம் நகர்த்தினார். "செத்துப்போயிடுவே!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். யாரோ, "பெரியவரைக் கூப்பிடுங்க," என்றார்கள். மாமனார் போர்வையைத் தடவி மூடியைத் தேடி எடுத்தார். பாட்டிலை மூடினார். இறுக்கினார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். அவள் நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தாள்.