மன்னித்த பிறகு தெரியவந்த சேவல்

“என்ன தப்புன்னே தெரியாம மன்னிச்சா, அது செல்லுமாப்பா?”

ஒரு நோன்புப் பெருநாள் காலையில், புதுச்சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வெனிங் இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. வாசலில் ஊரே வரிசையாக வந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் செல்லும். வர்றவங்களுக்கு வழிய விடு,” என்றார் அவள் அப்பா கஸ்மான்.

அடுத்து வந்தவன் பக்கத்து வீட்டு ரெபோ. அண்ணன் முறையில் ‘காங்’ என்று அழைத்து, கஸ்மானின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டான். “காங், வெளிய செஞ்ச தப்பு, மனசுக்குள்ள செஞ்ச தப்பு, எல்லாத்தையும் மன்னிச்சிடுங்க.”

வருடாவருடம் எல்லோரும் சொல்வதுதான். இவன் மட்டும் கண் கலங்கச் சொன்னான்.

“மன்னிச்சாச்சுப்பா. நீயும் என்னை மன்னிச்சிடு. சைபருக்குச் சைபர்!” என்று கால்பந்தாட்டக் கணக்கில் முடித்தார் கஸ்மான். அன்று மதியம் ரெபோ வீட்டில் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டார். “கறி கொஞ்சம் முரடு. ஆனா ருசின்னா ருசி!”

பெருநாளுக்கு முந்தின நாள்தான் அவருடைய சேவல் காணாமல் போயிருந்தது. மரநாயின் வேலை என்று முடிவுகட்டிக் கண்ணி வைத்தார். கண்ணியில் அவர் கால்விரல்தான் மாட்டியது. ஒரு வாரம் கழித்தும் நொண்டிக்கொண்டே பள்ளிவாசலுக்கு வந்தார். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் மரநாயின் ஏழு தலைமுறையையும் திட்டத் தொடங்கினார். ரெபோவுக்குப் பொறுக்கவில்லை.

“மரநாயைத் திட்டாதீங்க காங். பாவம், அது ஒண்ணும் செய்யல. நான்தான்.”

“என்னடா சொல்ற?”

“ஜகார்த்தாலேருந்து மச்சான் திடீர்னு வந்து நின்னுட்டார். வீட்டுல ஒரு துண்டு கறி இல்ல. உங்க சேவல் வேலி மேல உக்காந்து என்னையே பாத்துச்சு. அதான் நீங்க மன்னிச்சிட்டீங்களே!”

“சேவலை நான் எப்படா மன்னிச்சேன்?”

“எல்லாத்தையும்னு கேட்டேன், மன்னிச்சாச்சுன்னீங்க. எல்லாத்துல சேவல் அடங்காதா? நீங்களே ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க!”

இருவரையும் பிடித்து உட்கார வைத்தார் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதின் சுயூத்தி.

“அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்பை அல்லாஹ் மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்தான் மன்னிக்கணும். கஸ்மான் விஷயம் தெரியாம மன்னிச்சிருக்காரு. வேணும்னா மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கலாம். அப்ப ரெபோ சேவல் குடுக்கணும்.”

“எடுத்துக்கறேன்!”

“இருங்க. கை ரெண்டு பேரும்தானே குலுக்கினீங்க? ரெபோவும் தன்னோடதை எடுத்துக்கலாம்.”

ரெபோ சிரித்தபடி, ஐயா என்னும் மரியாதையில் மோதினைப் ‘பாக்’ என்று அழைத்தான். “எடுத்து நான் என்ன பண்ண பாக்? காங் எனக்கு ஒரு தப்பும் செஞ்சதில்லியே. யாரை வேணா கேளுங்க.”

உண்மை கஸ்மானுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய வயலுக்கும் ரெபோவின் வயலுக்கும் நடுவே ஒரே வரப்பு. நடவுக்கு நடவு வரப்பைச் செதுக்கும் சாக்கில், ரெபோவின் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்திவிடுவார். எலி வளையை அடைப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். விரற்கடை வளர்ந்து இப்போது ஒரு முழம். அடுத்தவன் மண்ணில் ஒரு சாணைப் பறித்தாலும் ஏழு பூமியும் கழுத்தில் மாலையாக விழும் என்று இதே மோதின் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னபோது, யாரைச் சொல்கிறார் என்று பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தவர் அவர். இப்போது கழுத்து அரித்தது.

“வேணாம் பாக்.”

“எது வேணாம்?”

“குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். சேவலுக்கும் வயசாயிடுச்சு.”

“பாத்தீங்களா பாக்! இந்த மனசு யாருக்கு வரும்?” என்று ரெபோ அவர் கையை முத்தமிட்டான். கண்ணிகூட அவ்வளவு வலித்ததில்லை. மோதின் கஸ்மானின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டப் போனார்.

மறுநாள் சுபுஹு தொழுததும் கஸ்மான் மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். இரண்டு வயலிலும் நாற்று நடவில்லை, தண்ணீர் மட்டும் நின்றது. கொக்குகூட இன்னும் வரவில்லை. வரப்பைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்து மிதித்தார். விரல் வலித்தது. நொண்டி நொண்டி மிதித்தார். ரெபோவின் வயல் ஒரு முழம் அகன்றது. பழைய இடம் சரியாக நினைவில்லை என்பதால், தன் பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளிவைத்தார். பிறகு வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு, வெளிச்சம் வருவதற்குள் வீடு திரும்பினார்.